ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

பினாங்குப் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஓட்டுநர் அர்ஜுனன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"புது வண்டி, அக்கா. பொட்டு வைக்காம கடல் தாண்ட மாட்டேன்லா."

"இது கவர்மெண்ட் வண்டி, அர்ஜுனன்."

"கவர்மெண்ட் வண்டின்னா டயர் பஞ்சராகாதா?"

குணவதி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் வாங்கிய சந்தனமும் குங்குமமும் தயாராக இருந்தன. முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டியின் நெற்றியில் பெரிய பொட்டு ஏறியது. அர்ஜுனன் கை கழுவப் போன நேரத்தில் குணவதிக்கு ஓர் ஆசை வந்தது. வண்டிக்கே பொட்டு என்றால், உள்ளே ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஸ்கேனருக்கு வேண்டாமா? அதன் கண்ணாடியின் மூலையில், ஓரத்தில்தானே என்று, சின்னதாக ஒன்று வைத்துவிட்டாள்.

ஸ்கேன் அறைக்குள் ஒரு பிஸ்கட் துண்டைக்கூட விடாத குணவதி!

தேசிய நூலகத்தில் புத்தகப் பெயர்களை அட்டையில் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். முதல் கணினி வந்தபோது மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அவள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நூலகத்தை ஒவ்வொரு அலமாரியாகக் கணினிக்குள் ஏற்றிக்கொண்டே போய், இப்போது மின்னூலகப் பிரிவுக்கே தலைவி. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அதற்குள் இந்த வண்டி ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய தாளைத் தூக்கிக்கொண்டு யார் கோலாலம்பூர் வரப்போகிறார்கள்? நாம் போவோம், படம் எடுப்போம், தாளை அங்கேயே திருப்பிக் கொடுப்போம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாள். "யாரு வருவாங்க?" என்று சிரித்தார்கள்.

கடைசியில் நூலக இயக்குநர் இஸ்ஸதி அம்மையார் சோதனைக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தார். "மதியம் நானே வந்து பார்க்கிறேன், குணா. ஆள் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவோம்."

பாலத்துக்கு அப்பால், சூலியா தெருவில் காலை முழுதும் வந்தவர்கள் ஒரு கைப்பிடி. காசு மாற்றும் கடைப் பெண் அஃப்ரீன் பழைய கடைக் காலண்டரைக் கொண்டுவந்தாள். காப்பிக் கடைச் சீனர் தன் அப்பா காலத்து விலைப்பலகையைத் தூக்கி வந்தார். ஓர் அம்மா கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். திரையின் மூலையில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. இயந்திரம் வேலை செய்வதற்கான விளக்கு என்று குணவதி நினைத்துக்கொண்டாள். எடுத்த படமெல்லாம் உடனுக்குடன் இணையத்தில் ஏறியது. வந்தவர்களும் போய்விட்டார்கள். தெரு காலியாகக் கிடந்தது.

அப்போது அஃப்ரீன் கைபேசியோடு திரும்ப ஓடிவந்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அக்கா... எங்க காலண்டருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க!"

குணவதி பார்த்தாள். காலண்டருக்குப் பொட்டு. விலைப்பலகைக்கும் பொட்டு. கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் அது பொருத்தமாக இருந்தது. மூக்குக்கண்ணாடித் துணியை எடுத்து ஸ்கேனரைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

கைபேசி அடித்தது. இஸ்ஸதி.

"பாலத்தில் ஜாம். வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிவப்புப் புள்ளி அழகாக இருக்கிறதே, குணா! வண்டியின் சின்னமா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், 'தாளில் இல்லாத எதையும் படத்தில் சேர்க்கக் கூடாது' என்று பாடம் எடுப்பவள் அவள்தானே.

"நேரில் சொல்கிறேன், புவான்."

கைபேசியை வைத்தவுடன் கத்தினாள். "அர்ஜுனன்! எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வா! மறுபடியும் எடுக்கணும்!"

அர்ஜுனனுக்கு மெதுவாகப் பேச வராது. "காலையில பேப்பர் குடுத்தவங்க எல்லாம் ஓடிவாங்க! பொட்டு அழிக்கணும்!" என்று தெருக்கோடிவரை கத்திக்கொண்டு ஓடினான்.

தெரு எழுந்துகொண்டது.

"யாரு பொட்ட அழிக்கணுமாம்?"

"என்னண்ணே, ஃப்ரீயா ஏதாச்சும் குடுக்குறாங்களா?"

"பழைய பேப்பரக் குடுத்தா இன்டர்நெட்ல போடுறாங்களாம்!"

"அட, எங்க வீட்லயும் கெடக்கே!"

காலையில் வந்தவர்களைத் தேடிப் போனதில், வராதவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். சினிமா நோட்டீசு, கோயில் திருவிழா அழைப்பு, பள்ளிக்கூட ஆண்டுமலர். ஒருவர் மாமனாரின் படத்தைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வரிசையில நில்லுங்கலா!" என்று அஃப்ரீன் யாரும் கேட்காமலே காவல் வேலை பார்த்தாள்.

இஸ்ஸதியின் கார் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. நடந்தே வந்தார்.

"இத்தனை பேரா? எப்படிப் பிடித்தாய்?"

குணவதி குங்குமம் படிந்த துணியை நீட்டினாள். எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இஸ்ஸதி துணியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சட்டத்துக்குள்ளிருந்து முறைக்கும் மாமனாரைப் பார்த்தார். பிறகு வண்டிப் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வண்டி ஓடட்டும். அடுத்த ஊர் ஜுரு. ஆனால், குணா, அந்தக் கண்ணாடி..."

"இனி கிட்டவே போகமாட்டேன், புவான்."

"அப்ப எலுமிச்சம்பழம்?" என்றான் அர்ஜுனன் பின்னாலிருந்து.

"டயருக்கு மட்டும்!"

காலையில் எடுத்த எல்லாவற்றையும் புதிதாக எடுத்தாயிற்று. அஃப்ரீன் மட்டும் பழைய படத்தை விட மறுத்தாள். அது அவள் அப்பாவரை போய்விட்டதாம். "அத்தாவுக்கு அனுப்பிட்டேன்க்கா. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம காலண்டருக்கு இன்னிக்குத்தான் கல்யாணக் களை வந்திருக்காம்!"

"இரண்டும் இருக்கட்டும்," என்றார் இஸ்ஸதி. "குறிப்பு எழுதிவிடு."

குணவதி அந்தப் படத்துக்கு அடியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள்: 'வலது மேல் மூலையில் சிவப்புப் புள்ளி. மூலத்தில் இல்லை. நூலகர் வைத்தது.'

"அடுத்தவங்க வாங்க!" என்றாள். மாமனார் படியேறினார்.