பவர் பட்டனைத் தொடாதே

பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் என் அண்ணன். ஸ்டூடியோவில் அவர் படம் பிடிப்பார், தங்கை நான் எடிட் செய்வேன். கேமரா கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது, எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் கோடு நிரம்பியதும் கார்டை அழித்துவிடுவார். கோடு நிரம்பினாலும் நம் பழைய டிஸ்க் எழுதி முடிக்க நேரமாகும், அதுவரை கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் அதை மெமரியில்தான் வைத்திருக்கும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்றும் அழித்தார். அழித்த கையோடு உள் அறையில் வேறொருவரை உட்காரவைத்து அதே கார்டில் படமும் பிடித்துவிட்டார். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. மவுஸ் அசையவில்லை, திரையில் கடிகாரம் நின்றது.

அழித்த கார்டில் இருந்தது ஒரு பஸ் கண்டக்டரின் பேச்சு. தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து, மகளுக்காகப் பேசிவிட்டுப் போனார். அன்று காலை குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பதிவை வாங்க அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, என் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனின் குரல் மிச்சமிருந்தது அந்தப் பெட்டியின் மெமரியில் மட்டும்தான். கரண்டை நிறுத்தினால் அதுவும் போச்சு.

நான் போட்ட சத்தம் கேட்டு வந்த அண்ணன், வந்த வேகத்தில் பவர் பட்டனுக்குக் கையை நீட்டினார். ஓங்கித் தட்டிவிட்டேன். கூடப்பிறந்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"தொட்டா நடக்கிறதே வேற."

ஆல்ட் கீயையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். திரை செத்தாலும் லினக்ஸின் அடிமட்டம் இதற்கு மட்டும் காது கொடுக்கும். கூடவே ஆர் என்ற எழுத்தை அழுத்தினால் கீபோர்டு நம் கைக்கு வரும். ஈ, புரோகிராம்களை மூடச் சொல்லும். மூடாமல் முரண்டு பிடிப்பதை ஐ அடித்து மூடும். எஸ்தான் உயிர், மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கும். யூ டிஸ்க்கைப் பூட்டும், பி மறுபடி கிளப்பும். ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். வயிறு எரிகிற நேரத்தில் விரலை நிதானமாக வைத்திருப்பது பெரிய கொடுமை.

எஸ் அழுத்தியதும் டிஸ்க்கின் விளக்கு படபடவென்று துடித்தது. இன்னுமா என்றார் அண்ணன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விளக்கு அடங்கிய பிறகுதான் யூ. அப்புறம் பி.

கம்ப்யூட்டர் எழுந்தது. பதிவும் இருந்தது. முழுசாக ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். சைக்கிள் பிரேக்கை மாதம் ஒருமுறை பார், அம்மாவிடம் வாயாடாதே என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் கண்டக்டர். நடுவில் பதிவுக்குள்ளேயே அண்ணனின் குரல் குறுக்கே விழுந்தது.

"சீக்கிரம் முடிங்க சார், வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

கண்டக்டர் கேமராவைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நாளையிலேருந்து நான் பேசவே மாட்டேன். இன்னைக்குக் கொஞ்சம் பேசிக்கிறேனே."

அண்ணன் என் பக்கம் குனிந்தார். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடு என்று என் காதோரம் முணுமுணுத்தார். மவுஸாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. அதற்குள் பின்னாலிருந்து அந்த அம்மா வாய் திறந்தார்.

"வெட்டாதீங்க. அதுவும் அவர் பேசினதுதான்."