ஜிகினா ஓரம்

காற்றாலை மாடலைக் காரின் பின்சீட்டில் வைத்து, அது நகராதபடி பெல்ட்டும் மாட்டிவிட்ட பிறகுதான் அஷ்ரஃபுன்னிசாவுக்கு மூச்சு வந்தது. வித்யா மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி, "சூப்பரா வந்திருக்கு அக்கா. பாப்பாதான் ஃபர்ஸ்ட், பாருங்க" என்றாள். பக்கத்தில் அவள் மகள் பாப்பா, அதாவது ஒன்பதாம் வகுப்பு கிருஷ்ணப்பிரியா, ஒரு தாளைப் பார்த்து இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கார் குமணன்சாவடிப் பக்கம் போய் மறைந்தது. அதே அறிவியல் போட்டிக்குத்தான் தன் மகளும் போகிறாள் என்று அஷ்ரஃபுன்னிசா சொல்லவில்லை. வித்யா மேடம் கேட்கவுமில்லை.

பூந்தமல்லியில் அவள் வைத்திருப்பது ஸ்டேஷனரி கடை. பள்ளிக்கூடங்களில் புராஜெக்ட் என்கிற வியாதி பரவியதிலிருந்து அங்கே நோட்டுப் புத்தகத்தைவிட எரிமலையும் சூரியக் குடும்பமும்தான் அதிகம் விலை போகின்றன. வீட்டுப்பாடம் பிள்ளைக்கு. செய்துகொடுக்க அப்பா அம்மாவுக்கு நேரமில்லை. அந்த இடைவெளியில் அஷ்ரஃபுன்னிசாவின் அடுப்பு எரிந்தது. தெர்மாகோலில் அவள் அறுக்காத மலை இல்லை, பாய்ச்சாத ஆறு இல்லை. எதைச் செய்தாலும் கடைசியில் அடிப்பலகையைச் சுற்றி வெள்ளி ஜிகினாத்தாளை ஒட்டி, நகத்தால் நீவி விடுவாள். ஓரம் கட்டாத மாடலை அவளால் யார் கையிலும் கொடுக்க முடியாது. தலை சீவாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி இருக்கும்.

மகள் சஹர் அரசுப் பெண்கள் பள்ளியில் அதே ஒன்பதாவது. மழைக்காலத்தில் அவர்கள் தெருவுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் வரும். படுக்கை நனைந்த பிறகுதான் தெரியும். அதற்காக சஹர் ஒரு கருவி செய்திருந்தாள். தண்ணீர் ஏறினால் டப்பாவுக்குள் பந்து மிதந்து எழும்பும், பந்தின் தலையில் இருக்கிற தகடு மேலே தொங்கும் கம்பிகளைத் தொடும், பழைய காலிங் பெல் அலறும். போட்டியில் தேர்வாகிறவர்களுக்குக் கோடை விடுமுறை முழுக்க ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு. கிருஷ்ணப்பிரியாவுக்கு அது இன்னொரு சான்றிதழ். சஹரின் பள்ளியிலோ, அதிகாரி வருகிற அன்றைக்குத்தான் ஆய்வகத்தின் பூட்டே திறக்கும். நாள் முழுக்க ஒரு ஆய்வகத்துக்குள் இருக்கலாம் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. ஆரம்பத்திலேயே அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"நீ கை வெக்காதமா. நீ தொட்டா அது உன்னுதாயிடும்."

அஷ்ரஃபுன்னிசாவும் பொறுமையாகத்தான் இருந்தாள். ஆனால் இன்று காலை, கார் போன பிறகு சஹர் குளிக்கப் போன நேரத்தில், கருவியின் அடியிலிருந்த மொட்டைப் பலகை அவள் கண்ணை உறுத்தியது. கிருஷ்ணப்பிரியாவுக்கு ஒட்டியதில் மிச்சமிருந்த ஜிகினாவை எடுத்துச் சுற்றி ஒட்டிவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த சஹர் பார்த்தாள். "இன்னாமா இது?" "ஓரந்தானே. அழகாத்தான கீது?" சண்டை போட நேரமில்லை, பஸ்ஸை விட்டுவிடுவார்கள். அழகாக இருந்ததும் உண்மை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

போட்டி நடந்தது ஒரு தனியார் பள்ளியின் அரங்கத்தில். உள்ளே ஏசி. அஷ்ரஃபுன்னிசா செய்த மாடல்களே நாலைந்து அங்கே வேறு வேறு பேர்களில் உட்கார்ந்திருந்தன. நடுவர் இருதயராஜ், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தார். அவர் கிருஷ்ணப்பிரியாவின் மேசையை நெருங்கியபோது காற்றாலை நின்றுபோயிற்று. வித்யா கண்களால் தேடி, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்!" என்று கூப்பிட்டாள்.

யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள். ஆனால் தான் செய்த பொருள் நாலு பேர் முன்னால் நின்றுபோனால் அவளுக்குக் கால் நிற்காது. ஓடிப்போய் அடிப்பலகையைத் தூக்கி, பேட்டரியை அழுத்தி, இறக்கையைச் சுண்டினாள். சுற்றியது. நிமிர்ந்தபோது எதிரே இருதயராஜ்.

"இதை நீங்கதான் செஞ்சீங்களா?"

வித்யா முந்திக்கொண்டாள். "ஃபினிஷிங்குக்கு மட்டும் கைடன்ஸ் எடுத்தோம் சார். ஐடியா, பிரசன்டேஷன் எல்லாம் இவளோடது." அவர் தலையசைத்தார். கிருஷ்ணப்பிரியா ஒரு தடங்கலுமில்லாமல் இங்கிலீஷில் பேசி முடித்தாள். அவர் மதிப்பெண் எழுதினார்.

கடைசி வரிசையில் சஹரின் மேசை. இருதயராஜ் குனிந்து பார்த்தார். டப்பாவைப் பார்ப்பதற்கு முன் அவர் பார்வை ஓரத்தில் நின்றது. அதே வெள்ளி, அதே நீவல். பக்கத்தில் அதே அம்மா.

"உங்க பொண்ணாம்மா?"

"ஆமா சார். ஓரம் மட்டுந்தான் சார் நான் ஒட்னேன். மத்ததெல்லாம் அவளே..."

"தொழிலே இதா இருக்கிற வீட்ல, பொண்ணு தானா செஞ்சான்னு நான் எப்படிம்மா எழுதறது?" அவர் கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அதுதான் அஷ்ரஃபுன்னிசாவுக்கு இன்னும் எரிந்தது. அங்கே முழுதாகச் செய்து கொடுத்தது கைடன்ஸ், இங்கே ஒரு முழ ஜிகினா ஏமாற்று. அந்தக் காற்றாலையில் ஒரு ஈர்க்குச்சியைக்கூட அந்தப் பெண் தொட்டதில்லை என்று கத்த வாய்வரை வந்தது. எதிர் மேசையில் கிருஷ்ணப்பிரியா பயந்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை என்ன செய்யும்? நாளைக்குக் கடைக்கு ஆர்டர் வேண்டாமா? வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பர்ரென்று சத்தம் கேட்டது. சஹர் ஜிகினாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெல்லைக் கழற்றினாள், கம்பிகளை அறுத்தாள், டப்பாவிலிருந்து பந்தைப் பிடுங்கினாள். ராவெல்லாம் செய்ததை இப்படிப் பிய்த்துப்போடுகிறாளே என்று அஷ்ரஃபுன்னிசா ஓரடி முன்னால் வந்தாள்.

"இன்னொரு தபா பண்றேன் சார். இங்கியே. நீங்க பாத்துகினே இருங்க" என்றாள் சஹர்.

இருதயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க."

அஷ்ரஃபுன்னிசா தடுப்புக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள். கூட்டம் சேர்ந்தது. கிருஷ்ணப்பிரியா தன் மேசையை விட்டுவிட்டு வந்து சஹருக்குப் பக்கத்தில் நின்றாள். சஹர் ஒயரின் தோலைப் பல்லால் உரிப்பதைப் பார்த்து, "வாயில ஷாக் அடிக்காதா?" என்று கேட்டாள்.

"இன்னும் பேட்டரியே மாட்லியே."

"நானும் ஒண்ணு உரிக்கட்டுமா?"

"தொடாத. அப்புறம் உன்னுதுன்னு சொல்லிடுவாங்க." சொன்ன பிறகு சஹருக்கே சிரிப்பு வந்தது. கிருஷ்ணப்பிரியாவும் சிரித்தாள். "பிரியா, இங்க வா" என்று வித்யா கூப்பிட்டது கேட்டும் அவள் நகரவில்லை.

பந்து உள்ளே போயிற்று. கம்பிகள் தொங்கின. பெல்லும் பேட்டரியும் பலகையில் ஏறின. சஹர் மேசைக்கடியில் இருந்த வாளியிலிருந்து மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். பந்து எழும்பி, தகடு கம்பிகளைத் தொட்டது. சத்தம் வரவில்லை.

அஷ்ரஃபுன்னிசாவுக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. பெல்லுக்குப் போகிற ஒயர் ஒன்றில் தோல் சரியாக உரியவில்லை. ஒரு வார்த்தை போதும், கண்ணைக் காட்டினால்கூடப் போதும். கை தானாகக் கயிற்றைத் தாண்டியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டாள். விரலிடுக்கில் காலையில் ஒட்டிய ஜிகினாத் துகள் இன்னும் மினுங்கியது.

சஹர் நிமிரவே இல்லை. அம்மா இருக்கும் பக்கம் மறந்தும் பார்க்கவில்லை. டப்பாவைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். மேசையிலிருந்து வழிந்து இருதயராஜின் செருப்பு நனைந்தது, அவர் காலை நகர்த்தவில்லை. ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றில் நின்றாள், அம்மா பார்த்துவைத்த அதே ஒயர். அதைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக் கடித்து உரித்து, மறுபடி முறுக்கினாள்.

பிறகு மக்கை எடுத்தாள். தண்ணீர் விழத் தொடங்கியது. பந்து அடியிலிருந்து அசைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மெல்ல மேலே ஏறியது.