சாதிக்காய்ப் பால்

காலை ஏழு மணிக்கு விமலராணி கதவைத் திறந்தபோது, முதலாளியம்மா சிஞ்ஞோரா நுன்சியா கட்டிலில் உட்கார்ந்து திரைச்சீலையோடு பேசிக்கொண்டிருந்தார்.

“இவர்களுக்கு நாற்காலி கொடு,” என்றார். “எவ்வளவு நேரம் நிற்பார்கள்?”

அறையில் வேறு எவரும் இல்லை. எண்பத்திரண்டு வயதான அவருடைய முகம், நடுவெயிலில் நின்றவரின் முகம்போலச் சிவந்திருந்தது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. விமலராணி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கி, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கையை விட்டாள்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், நான்காம் மாடியிலுள்ள அந்த வீட்டிலேயே தங்கி, ஒன்பது ஆண்டுகளாக அவரைப் பராமரித்து வருகிறாள். இந்த நாட்டில் தங்குவதற்கான அவளுடைய அனுமதிப் பத்திரம், பெர்மெசோ, அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

சிஞ்ஞோராவின் மகன் இக்னாசியோவை அவள் தொலைபேசியில் அழைத்தாள்; அவர் அம்புலன்சை அழைத்தார். அதன் பிறகே சமையலறைக்குப் போனாள். இரவு பால் கொடுத்த கோப்பை கழுவும் தொட்டியில் கிடந்தது. அதன் அடியில் மண்ணிற வண்டல் படிந்திருந்தது.

சிஞ்ஞோராவுக்கு மூன்று கிழமையாக உறக்கமில்லை. வைத்தியர் எழுதிக்கொடுத்த துளிமருந்தை அவர் தொட மறுத்தார். இரசாயனம் ஈரலைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. விமலராணியும் அந்தக் கட்சிதான். யாழ்ப்பாணத்தில் அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளும் சாதிக்காய்ப் பால் குடித்து உறங்கியவர்கள். உரைகல்லில் பால் விட்டுக் காயை இரண்டு இழுப்பு இழுத்தால் மெல்லிய கறையொன்று படியும். அதை வழித்துச் சங்கில் புகட்டுவார்கள். பச்சைக் குழந்தைக்கே கொடுப்பது பெரியவரை என்ன செய்துவிடும்?

இங்கே உரைகல் இல்லை. சுப்பர்மார்க்கெட்டில் தூளாகவே விற்றார்கள். முதல் இரவு கால் தேக்கரண்டி போட்டாள், பயனில்லை. மறுநாள் ஒரு கரண்டி. சிஞ்ஞோரா இரண்டு மணிநேரம் உறங்கினார். நேற்றிரவு அவரே கேட்டார்: “இன்னும் போடு. பயப்படுவதற்கு இதென்ன மருந்தா?”

மூன்று கரண்டி போட்டாள், குவியலாக.

இரண்டு இழுப்பைப்போல அது எத்தனை மடங்கு என்று நேற்று அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். இரண்டு தெரு தள்ளி இதே வேலை செய்யும் செலஸ்ரீனாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“பிள்ளை, சாதிக்காய் கூடினால் என்ன செய்யும்?”

“நல்லா நித்திரை வரும். ஏனக்கா, பால் முழுக்க நீங்களே குடிச்சிட்டியளோ?”

“நான் இல்லை, சிஞ்ஞோரா. ஆள் இல்லாத இடத்திலை ஆக்களோடை கதைக்கிறா. நெஞ்சு படபடவெண்டு அடிக்குது.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“இஞ்சை பாருங்கோ அக்கா. சாதிக்காயாலை ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. அது வயசுக் கோளாறு. நீங்கள் ஏதோ குடுத்தனீங்கள் எண்டு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ. நஞ்சு வைச்சதெண்டு எழுதுவாங்கள். பெர்மெசோவை மறந்திட வேண்டியதுதான்.” குரலைத் தாழ்த்தினாள். “கோப்பையைக் கழுவிட்டியளோ?”

“இன்னும் இல்லை.”

“முதல்லை அதைக் கழுவுங்கோ.”

விமலராணி குழாயைத் திறந்தாள். அழைப்புமணி அடித்தது. குழாயை மூடினாள்.

இக்னாசியோவோடு வந்த அம்புலன்ஸ் வைத்தியர் இளம்பெண். சிஞ்ஞோராவின் மார்பில் கம்பிகளை ஒட்டி, கருவியைப் பார்த்து, “துடிப்பு நூற்று நாற்பது,” என்றார். பிறகு திரும்பினார். “நேற்றிலிருந்து புதிதாக ஏதும் மருந்து கொடுத்தீர்களா?”

“மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.”

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. உண்மையும் அவ்வளவாக இல்லை.

“அம்மாவுக்கு மூளை தளர்ந்துவிட்டது,” என்றார் இக்னாசியோ. “இனி வீட்டில் வைத்திருக்க முடியாது.”

“இருக்கலாம். முதலில் அமைதிப்படுத்துவோம்.” வைத்தியர் ஊசியை உறையிலிருந்து எடுத்தார்.

அதைக் கண்ட சிஞ்ஞோரா விமலராணியின் கையை இறுகப் பற்றினார். அவர் விரல்கள் கொதித்தன. “நீ சொல், விமலா. எனக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்.”

விமலராணி வைத்தியரிடம் திரும்பினாள்.

“ஊசி போட வேண்டாம். நான் பாலில் சாதிக்காய் கொடுத்தேன்.”

வைத்தியரின் கை நின்றது. இக்னாசியோ சிரித்தேவிட்டார். “சாதிக்காயா? ஞாயிறுதோறும் பாஸ்தாவுக்கு ஊற்றும் வெள்ளைக் குழம்பில் அம்மாவே அதைத்தானே துருவிப் போடுகிறார். பதறாதீர்கள், விமலா. உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.”

வைத்தியரும் இலேசாகப் புன்னகைத்து, மறுபடி ஊசியின்பக்கம் குனிந்தார்.

கேளாமலே மன்னிப்புக் கிடைத்துவிட்டது. பேசாமல் நின்றால் போதும், பெர்மெசோ தப்பிவிடும். பற்றிய கை மட்டும் தளரவில்லை. விமலராணி அதை மெல்ல விலக்கிவிட்டுச் சமையலறைக்கு விரைந்தாள். கோப்பை, கரண்டி, தூள் பொதி, ஒரு வெள்ளைத் தட்டு ஆகியவற்றோடு திரும்பி வந்தாள். தட்டில் ஒரு கரண்டி தூளைக் குவித்துக் கொட்டினாள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் மூன்றாவது.

“இவ்வளவு,” என்றாள். “நேற்றிரவு ஒன்பதரைக்கு.”

இக்னாசியோவின் சிரிப்பு மறைந்தது. வைத்தியர் குவியலைப் பார்த்தார். கோப்பையின் அடியைப் பார்த்தார். ஊசியை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, நஞ்சுத் தகவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார். வயதையும் எடையையும் அளவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுமுனை சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: “ஆம், மனமயக்கம். ஆம், இதயத் துடிப்பு. இருபத்துநான்கு மணிநேரக் கண்காணிப்பு.”

இக்னாசியோ பொதியைப் புரட்டிப் புரட்டி எச்சரிக்கை தேடினார். பின்பக்கத்தில் வெள்ளைக் குழம்புக்கான செய்முறைதான் இருந்தது. விமலராணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்,” என்றார் வைத்தியர் அவளிடம். “அங்கேயும் கேட்பார்கள். இதே மாதிரிச் சொல்லுங்கள்.”

படியிறங்கும்போது செலஸ்ரீனா அழைத்தாள்.

“என்னக்கா, கழுவிட்டியளோ?”

“இல்லை,” என்றாள் விமலராணி. “கையிலை கொண்டு போறன்.”