ஜெயக்கொடி டீச்சரின் நூறு மதிப்பெண்

டோல்கேட் பக்கத்தில் இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த மறுவாரம் என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். போர்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு, நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை, ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் நாலு பேர். எல்லோரும் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்கள். இணையதளத்தில் ஒன்பது பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துக் கேள்விகள். மாதக் கடைசிக்குள் நாலு பேரும் முடித்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் தினமும் நோட்டில் எழுதிவைப்பேன். யார் வந்தார்கள், எதுவரை போனோம், நான் எங்கே தப்பாகச் சொன்னேன். மூன்றாவதுதான் எப்போதும் அரைப்பக்கம் போகும்.

முதல் நாளே கணக்கு ஆசிரியர் செங்குட்டுவன் சார் அரைமணி நேரம் கழித்து வந்தார். "இன்னா மதி, டீச்சருங்களுக்கே பாடம் எடுக்கற. லேட்டா வந்தா முட்டி போட வைப்பியா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அன்று நோட்டில் இரண்டு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

சமூக அறிவியல் எடுக்கும் ஜெயக்கொடி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. கேள்வி திரையில் வந்ததும் அதைக் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நாலு விடைகளையும் எழுதுவார். பிறகு யோசிப்பார். அதனால் ஒரு பாடத்துக்கு ஐந்து மாலைகள் ஆயின. மூன்று வாரத்தில் மற்றவர்கள் ஒரு பாடம்கூடத் தாண்டாதபோது அவர் மூன்று முடித்திருந்தார். முதல் பாடத்தில் பத்துக்கு ஏழு.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் குணசேகரன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஸ்கூல்தான் லிஸ்ட்ல கடைசியா கீது. பாஸ்வேர்டெல்லாம் உன்கிட்டதான இருக்கு? ஞாயித்துக்கிழமை உக்காந்து முடிச்சு வுட்டுடுமா. எல்லா எடத்துலயும் அப்டித்தான் பண்றாங்கோ."

"டீச்சருங்களக் கேக்கணுமே சார்."

"நான் சொல்லிக்கிறேன்."

மூன்று பேரிடம் சொன்னார். ஜெயக்கொடி டீச்சர் அன்று உறவினர் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புளியந்தோப்பில் எங்கள் குடியிருப்பில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு அட்டவணை போட்டேன். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் வந்தால் சந்தேகம் வரும். செங்குட்டுவன் சாருக்கு எழுபத்திரண்டு, மற்ற இருவருக்கு எழுபத்தாறு, அறுபத்தெட்டு. எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வியைத் தப்பாகப் போடுவது என்றுகூடக் கட்டம் கட்டமாக எழுதினேன். மூன்று பேருக்கும் அதன்படியே முடித்தேன்.

கடைசியாக ஜெயக்கொடி டீச்சருடையதைத் திறந்தேன். அவ்வளவு கவனமாக எழுதுகிறவர் பெயரில் தெரிந்தே தப்பான விடையை அமுக்க எனக்கு மனம் வரவில்லை. அட்டவணையை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் சரியாகப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். அவர் முடித்திருந்த மூன்று பாடங்களையும் மறுபடி திறந்து, அவர் விட்டதையும் சரிசெய்தேன். நூற்றுக்கு நூறு என்று பச்சை எழுத்தில் வந்தது. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சுற்றறிக்கை வந்தது. அதிக மதிப்பெண் எடுத்த ஆசிரியர் வரும் சனிக்கிழமை திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மற்ற பள்ளிகளிலிருந்து நாற்பது ஆசிரியர்கள் பார்க்க வருவார்கள். பெயர்: ஜெயக்கொடி.

அன்று மாலை அவர் வழக்கம்போல வந்து, தானே இணையதளத்துக்குள் நுழைந்து, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மதி, நாலாவது பாடம் எங்க?"

"முடிஞ்சிடுச்சு டீச்சர்."

"யாரு முடிச்சது?"

சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்லியும், பின்னாலிருந்த செங்குட்டுவன் சாருக்கும் கேட்டுவிட்டது.

"வுடுங்க டீச்சர். எனக்குந்தான் முடிச்சுக் குட்த்துச்சு. எனக்கு எழுவத்திரண்டு, உங்களுக்கு மட்டும் நூறு. நான்தான் பேஜாராவணும்."

டீச்சர் திரும்பவில்லை. "முதல் பாடத்துல எனக்கு ஏழு வந்துச்சே. அது எங்க?"

"மாத்திட்டேன்."

"அந்த ஏழு என்னோடது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பேரு மேல போயிடுச்சு டீச்சர்" என்றார் குணசேகரன் சார். "எதாவது காட்டிட்டு வந்துடுங்க. மதி பக்கத்துல நிக்கட்டும்."

"யாரும் நிக்க வேண்டாம். தெரிஞ்சத நடத்துறேன். தெரியாததக் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

"அப்டி சொல்லிடாதீங்க. நூறு வாங்கினவங்க தெரியாதுன்னா என்னா அர்த்தம்? உங்க பேரு நாறிடும். நோண்ட ஆரமிச்சாங்கன்னா இந்தப் பொண்ணு வேலையும் போயிடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

மிச்சம் மூன்று மாலைகள். ஆறு பாடங்கள். ஒரு மாலைக்கு இரண்டு என்று திட்டம் எழுதி, மறுநாள் காலையில் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் படித்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டார். மாலை வகுப்புக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. பகலில் ஆறாம் வகுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், போர்டில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பிள்ளைகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த மூன்று பாடங்கள் அவ்வளவுதான். படம் காட்டுவது, அதன்மேல் எழுதுவது, சேமிப்பது. வெள்ளி இரவு நோட்டை எடுத்தேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவரை நாற்பது பேர் நடுவில் திருட்டு மார்க் வாங்கியவராக நிறுத்தப் போகிறேன். போகிறார்களே என்று எழுதி, போகிறேன் என்று திருத்தினேன்.

சனிக்கிழமை ஷேர் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்று நின்றுதான் போனது. இறங்கி ஓடினேன். வகுப்பில் முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பின்னால் ஆசிரியர்கள், ஓரத்து நாற்காலியில் ஒரு பெண் அதிகாரி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

டீச்சர் மேலிருந்து எடுத்த கடற்கரைப் படத்தைத் திறந்தார். "இதுல உங்க தெரு எங்கடா இருக்கு? வந்து காட்டுங்க" என்றார். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். தன் வீட்டு மாடியில் இருக்கும் நீலத் தொட்டியைக் கண்டுபிடித்த ஒரு சிறுமி, விரலை எடுக்கவே மறுத்தாள். பிறகு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் படத்தை நகர்த்தி, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தை விரலால் வரைந்தார். விரல் வழுக்கியதில் கோடு வளைந்து வளைந்து போனது.

"கோணையா வருது" என்றார் தனக்குள் பேசுவதுபோல.

"அது அப்டித்தான் மிஸ் போவும்" என்றாள் அதே சிறுமி. "எங்க நைனா படகுல கூட்டினு போயிருக்காரு."

பின்வரிசையில் ஒருவர் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் அதிகாரி கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். இப்ப நடத்தினதுலேர்ந்தே பிள்ளைங்களுக்கு ஒரு குவிஸ் போட்டுக் காட்டுங்க. ஏழாவது பாடத்துல இருக்கே, அதுமாதிரி."

டீச்சரின் விரல் திரைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. நெட் சரியில்லை என்று சொன்னால் போதும். எல்லோரும் சொல்வதுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. நாலு நாளைக்கு முன் அவ்வளவு சுலபமாகச் சொன்னவர் இப்போது ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய நேரமானது. தெரியாது என்றால் என் வேலை போகும்.

எழுந்தேன். "மேடம், டீச்சர் பண்ணது மூணு பாடம்தான். மீதி நான் போட்டேன். அவங்களுக்குத் தெரியாம போட்டேன்."

"நீங்க யாரு?"

பெயரையும் பள்ளியையும் சொன்னேன். பின்னால் யாரோ தாழ்ந்த குரலில், "உக்காரு தாயே, எல்லாரையும் சேத்து மாட்டி வுட்றாத" என்றார். சிரிப்பு வந்து, உடனே அடங்கியது. அதிகாரி எதையோ எழுதினார்.

"மேடம்" என்றார் ஜெயக்கொடி டீச்சர். "அந்த மூணையும் இவ மாத்திட்டா. முதல் பாடத்துல எனக்கு ஏழு. அதையும் எழுதிக்குங்க."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சரி, எங்க விட்டோம்?" என்றார். அவர்கள் சொன்னார்கள். வகுப்பு மணி அடிக்கும்வரை நடத்தினார். நான் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று எனக்கு: மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். இன்னொன்று டீச்சருக்கு: இணையதளத்தில் அவருடைய கணக்கு அழிக்கப்பட்டது, ஒன்பது பாடங்களையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அவரே செய்த மூன்றும் அதில் போய்விட்டன. மற்ற மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செங்குட்டுவன் சார் அன்று என்னைப் பார்க்காமலேயே கிளம்பிப் போனார். தலைமையாசிரியர் அறை பூட்டியிருந்தது.

நாலேகாலுக்கு டீச்சர் தனியாக வந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் நாலு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, "முதல் பாடத்தத் திறந்து விடு" என்றார். திறந்துவிட்டு ஜன்னலோரம் போய் விளக்கக் கடிதத்தை எடுத்தேன். ஏன் அவ்வாறு செய்தீர்கள் என்ற கேள்விக்குக் கீழே எதை எழுதினாலும் பொய்யாகப் பட்டது. மாதம் முடிந்தபின் இந்த நாற்காலியில் நான் இருப்பேனா என்றும் தெரியவில்லை.

"மதி, இங்க ஏதோ சிவப்பா வருது."

எழுந்தேன்.

"வராத" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கேர்ந்தே சொல்லு."