முன்பு கற்பித்தவர் யார்?

இருபத்தாறு வருஷம் இரண்டாம் வகுப்பு நடத்திய ஓர்லீன் ஸ்டீகலை, ஐம்பத்தோராவது வயதில், பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று படித்துவிட்டு வரச் சொன்னார்கள். மிசிசிப்பியில் அந்த வருஷம் நிறைய ஆசிரியர்களுக்கு அப்படிக் கடிதம் வந்தது. ஓர்லீன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, அதிலிருந்த ஒரு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, விண்ணப்பத்தை நிரப்பினாள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் தன் ஊரான மார்ல் பெண்டிலிருந்து நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போக வேண்டும். முதுகலை வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் அவளிடமே இரண்டாம் வகுப்பு படித்தவர்கள். பாடம் நடத்திய டாக்டர் ப்ரிடிக்கு முப்பத்தொரு வயது. அவள் சிரிக்கவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள்.

வார்த்தைகளை யாரும் ஊகிக்கக் கூடாது, எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று வரிசையாகச் சொல்லித்தர வேண்டும், நாற்பது வருஷ ஆராய்ச்சி இதைத்தான் காட்டுகிறது என்றாள் ப்ரிடி. ஓர்லீன் கையைத் தூக்கினாள்.

"நான் இந்த வேலைக்கு வந்தப்ப உங்களுக்கு அஞ்சு வயசு இருந்திருக்கும், டாக்டர்."

"ஆமா. அந்த வருஷந்தான் நான் வாசிக்கக் கத்துக்கிட்டேன்," என்றாள் ப்ரிடி. "எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா? அடுத்ததுக்குப் போலாமா?"

ஓர்லீனின் முறை வேறு. பிள்ளை ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றால், படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்துகிறதோ அதைச் சொல் என்பாள். புத்தகத்தில் 'ஹார்ஸ்' என்று இருக்கும். பக்கத்தில் குதிரைப் படம் இருக்கும். பிள்ளை குட்டைக் குதிரையைக் குறிக்கும் 'போனி' என்று வாசிக்கும். அர்த்தம் வந்துவிட்டது அல்லவா? பிள்ளையின் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவாள். அவள் படித்த காலத்தில் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்காக அவளுக்கு இரண்டு முறை நல்லாசிரியர் கேடயமும் கிடைத்திருந்தது.

இரண்டாம் பருவத்தில் செய்முறைப் பயிற்சி. வாசிக்கத் தடுமாறும் ஒருவருக்கு நாற்பது மணி நேரம் தனியாகச் சொல்லித்தந்து, எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தர வேண்டும். பள்ளியில் இருந்த தடுமாறும் பிள்ளைகளை மற்ற ஆசிரியைகள் முந்திக்கொண்டு பிடித்துப் போய்விட்டார்கள். ஓர்லீன் சாப்பாட்டுக்கூடத்தில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த ஒனீட்டா கரண்டியை நிறுத்தினாள்.

"இத்தன வயசுக்குள்ளதான் இருக்கணும்னு ஏதாச்சும் இருக்கா, டீச்சர்?"

"அப்படி ஒண்ணும் போடல."

"அப்ப எங்க வீட்டுக்காரர எடுத்துக்குங்க. முப்பத்திரண்டு வயசு. சொன்ன பேச்சு கேப்பாரு."

மறுநாள் நான்கு மணிக்குப் பள்ளி நூலகத்துக்கு வந்தவன் கார்லிஸ் யார்ப்ரோ. கெளுத்தி மீன் ஆலையில் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறவன். லாரி ஓட்ட உரிமம் வாங்கக் கணினியில் எழுத்துத் தேர்வு உண்டு. அதில் மூன்று தரம் தோற்றிருந்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி, சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தான்.

"கார்லிஸ்! மூணாவது வரிசைல உக்காருவியே, அந்தக் கார்லிஸா?"

"ரெண்டாவது வரிசை, டீச்சர்."

முதல் சோதனை, அர்த்தமில்லாத வார்த்தைகளின் பட்டியல். 'மிப்' என்று இருந்ததை அவன் 'மேப்' என்றான். 'வாப்' என்று இருந்ததை 'வேன்' என்றான். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"இப்படி ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்லியே."

"அது வார்த்தையே இல்ல, கார்லிஸ். இருக்கற எழுத்த மட்டும் சொல்லு."

"இல்லாத வார்த்தைய எதுக்கு வாசிக்கணும்?"

அக்டோபரில் ஓர்லீன் ப்ரிடியிடம் கேட்ட கேள்வி அது. ஊகிக்க வழியில்லாதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் என்று பதில் வந்திருந்தது. கார்லிஸ் என்ன செய்தான் என்றால், தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பிறகு மேஜையின் அடியில் பார்த்தான்.

"என்ன தேடற?"

"படம் எங்க, டீச்சர்?"



பயிற்சிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இவருக்கு முன்பு வாசிக்கக் கற்பித்தவர் யார், எந்த முறையில்? ஓர்லீன் 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். ப்ரிடி அதன் ஓரத்தில் பென்சிலால் 'கேட்டுப் பாருங்கள்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் காரைக் கிளப்பாமல் ஓர்லீன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தெரியாததுபோல் நடிக்க இனி இடமில்லை.

வியாழக்கிழமை கேமராவைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"கார்லிஸ், உனக்கு வாசிக்கக் கத்துக்குடுத்தது யாரு?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நீங்கதான், டீச்சர்."

"எப்படிக் கத்துக்குடுத்தேன்?"

"நல்லா," என்றான். இன்னும் கொஞ்சம் யோசித்தான். "ஸ்டார் ஒட்டுவீங்க."

படிவத்தில் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். ஓர்லீன் 'நான்' என்று தொடங்கிப் பின்பக்கம் முழுக்க எழுதினாள். ப்ரிடி அதற்கு முழு மதிப்பெண் போட்டு, 'போதிய விவரம் உள்ளது' என்று குறித்தாள்.

பிறகு வேலை தொடங்கியது. ஒலிக்கு ஒன்றாக நகர்த்த வண்ண வில்லைகள் வேண்டும் என்றது பாடத்திட்டம். வில்லைகள் வரத் தாமதமானதால் ஓர்லீன் தன் வீட்டு மரத்துப் பீக்கன் கொட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒரு ஒலி, ஒரு கொட்டை. கார்லிஸ் வார்த்தையை மென்று மென்று கொட்டைகளை நகர்த்தினான். பாடம் முடிந்ததும் கொட்டைகளைத் தின்றான். ஆறாவது வாரம் ஒரு செய்தியோடு வந்தான்.

"என் வண்டில ஒரு போர்டு இருக்கு, டீச்சர். ஆள ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"சரி."

"ஒம்போது வருஷமா ஏத்திக்கிட்டிருக்கேன்."

இருபத்தெட்டாவது மணி நேரத்தில் ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தான். செத்துப்போன அம்மாவின் பெட்டியில் கிடைத்ததாம். இரண்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டை. கீழே ஓர்லீனின் கையெழுத்து. அவளிடம் நீட்டவில்லை, தானே விரல் வைத்து வாசித்தான். "கார்லிஸ்... அரு... அருமையாக... வாசிக்... கிறான்."

வாசித்து முடித்து நிமிர்ந்தான். ஓர்லீன் கேமராவை அணைக்க எழுந்தாள். அணைக்காமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அது பொய், கார்லிஸ். பொய்னு தெரிஞ்சு எழுதல. ஆனா பொய்தான். என்ன மன்னிச்சிரு."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அட்டையின் மூலையை நீவிக்கொண்டிருந்தான்.

"அதுக்கப்புறம் எந்த வகுப்புல சத்தமா வாசிக்கச் சொன்னாலும் பாத்ரூம் போயிடுவேன். எனக்கு வயித்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சாங்க. ஏழாங்கிளாஸ் டீச்சர் அம்மாவுக்கு ஒரு சீட்டு குடுத்துவிட்டாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம பஸ்சுல முழிச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில பாத்தா, என்ன டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருந்தாங்க."

"காட்டினாங்களா?"

"ரெண்டு வருஷம் பால் குடிக்க விடல."

இருவரும் சிரிக்கவில்லை. ஓர்லீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கார்லிஸ் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்தது என்ன பாடம்?" என்றான்.

வீடியோவில் அந்தப் பகுதியை அடுத்த வருஷ வகுப்புக்குப் போட்டுக் காட்டலாமா என்று ப்ரிடி கேட்டாள். கார்லிஸிடம் கேட்க வேண்டும் என்றாள் ஓர்லீன். கேட்டபோது, தன் தொப்பி நேராக இருந்ததா என்று மட்டும் விசாரித்தான் அவன்.

நாற்பது மணி நேரம் ஏப்ரலில் முடிந்தது. மே மாதம் நாலாம் தடவையாகத் தேர்வு எழுதி, இரண்டே கேள்வியில் தோற்றான். அன்றே நூலகத்துக்கு வந்துவிட்டான், முகமெல்லாம் கோபமாக.

"பதினேழாவது கேள்வி எழுதினவனுக்கு எழுதத் தெரியல, டீச்சர். 'பின்வருவனவற்றில் பாதுகாப்பற்றதல்லாதது எது'ன்னு கேக்கறான். மூணு வாட்டி வாசிச்சேன். அவன் என்ன கேக்கறான்னு அவனுக்கே தெரியல."

ஓர்லீன் அதைத் தாளில் எழுதிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

"மோசமான கேள்விதான்," என்றாள். "அந்த மாதிரிக் கேள்விய எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு சொல்றேன், உக்காரு."

"நாப்பது மணி நேரம் முடிஞ்சிருச்சே?"

"அது என் கணக்கு. உனக்கு இத்தனதான்னு யாரு சொன்னா?"

ஜூன் பதினொன்றாம் தேதி கார்லிஸ் தேறினான். அந்த வாரமே ஓர்லீன் தேவாலயத்திலும் மீன் ஆலை வாசலிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினாள். தன்னிடம் இரண்டாம் வகுப்பு படித்து, இன்னும் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வியாழக்கிழமை நான்கு மணிக்கு நூலகத்துக்கு வரலாம் என்று போட்டிருந்தது. ஒட்டி முடித்த பிறகுதான், வாசிக்க முடியாதவர்கள் இதை எப்படி வாசிப்பார்கள் என்று அவளுக்கு உறைத்தது. ஒனீட்டாவிடம் சொன்னாள். ஒனீட்டா ஊருக்கே சொல்லிவிட்டாள்.

முதல் வியாழக்கிழமை நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் ஷெரிஃப் அலுவலகத்துத் துணை அதிகாரி, சீருடையில் இருந்தான். மனைவியைக் கூட்டிப்போக வந்ததாகச் சொன்னான். அவன் மனைவி அங்கே இல்லை. ஓர்லீன் ஒன்றும் கேட்காமல் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டாள்.