அரிசி வாளிக்குள் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருக்கும் குகதாசனுடையது. கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து எனக்குச் சொன்னான். சொல்லி முடித்ததும், "இதை எங்கையும் எழுதிப் போடாதை" என்றான். ஒளிக்கிற விசயத்தில்தான் ஏதோ இருக்கும் என்று நினைப்பவன் நான். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சோவியத் ஒன்றியம் உடைந்தபோது எஸ்தோனியாவில் லட்சக்கணக்கான மக்கள்

நிறுத்திவிட்டேன். நான் அவர்களை எண்ணவில்லை. பிறகு:

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்

அதுவும் பொய். ஏப்ரல் கடைசி. பனி கரைந்து, குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல்லுத்தான் தெருவெல்லாம் கிடந்தது.

சரி, நேரே வருகிறேன்.

2

குகதாசனின் பக்கத்து வீட்டுக்காரி இரீனா. பஸ் ஓட்டுபவள். நிறைமாதக் கர்ப்பிணி. மே பதினான்காம் திகதி பிள்ளை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். (தகப்பன் எங்கே என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.) துணைக்கு எஸ்தோனியாவின் எல்லைப் பட்டணமான நார்வாவிலிருந்து தாய் லுட்மிலா வந்து நின்றாள்.

மகள் எஸ்தோனியக் குடிமகள். தாய் ஒரு நாட்டின் குடிமகளும் இல்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் நூல் ஆலையில் வேலை செய்ததும் அதே பட்டணத்தில்தான். ஆனால் புது நாடு வந்தபோது, போருக்கு முந்தியே அங்கே குடியுரிமை இருந்தவர்களையும் அவர்களின் வழி வந்தவர்களையும்தான் தன் ஆட்கள் என்றது. மற்றவர்கள் மொழிப் பரீட்சை எழுதிச் சேரவேண்டும். இரீனா எழுதினாள். லுட்மிலா எழுதவில்லை. அவளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கடவுச்சீட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நோர்வேக்கு விசா இல்லாமல் வரலாம், தொண்ணூறு நாள் நிற்கலாம். அந்தத் தொண்ணூறு மே இரண்டோடு முடிகிறது.

பன்னிரண்டு நாள் குறைகிறது. கதை அவ்வளவுதான். பேரப்பிள்ளை பிறக்கும்போது கிழவி நிற்பாளா, இல்லையா?

[சட்டம் தெரிந்தவர்கள் எனக்கு எழுதவேண்டாம். தாய் மகளின் உழைப்பில் தங்கி வாழ்பவள் என்று காட்டினால் நிற்க ஒரு வழி உண்டாம். லுட்மிலாவுக்குச் சொந்தப் பென்சன் இருக்கிறது. ஆகவே அவள் ஒருவரிலும் தங்கியில்லை. இது இரீனா சொன்னது.]

ஏப்ரல் இருபத்தொன்பது, பின்னேரம். தாயும் மகளும் குகதாசன் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். குகதாசனுக்கு அந்தக் கடவுச்சீட்டைப் பார்க்கவேண்டும் என்று பல நாள் ஆசை. லுட்மிலா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தான். குடியுரிமை என்ற இடத்தில் நாட்டின் பெயரைத் தேடினான். இல்லை.

"களவுப் பாஸ்போட் இதைவிட வடிவா இருக்கும்" என்றான் மனைவி யோகராணியிடம்.

"வாயை மூடுங்கோ. அவவுக்கு விளங்கப்போகுது."

"தமிழ் விளங்குமோ?"

"உங்கடை மூஞ்சை விளங்கும்."

பரீட்சையை ஏன் எழுதவில்லை என்று குகதாசன் நோர்வேஜிய மொழியில் கேட்டான். (இனி வருவதை நான் தமிழில் திருத்தி எழுதுகிறேன். அவனுடைய நோர்வேஜிய மொழி இவ்வளவு நேராக நிற்காது.) லுட்மிலா ரஷ்ய மொழியில் சொல்ல, இரீனா மாற்றிச் சொன்னாள். நார்வாவில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யா. தங்கச்சி அங்கே இருக்கிறாள். இந்தச் சாம்பல் புத்தகத்தோடு பாலத்தைக் கடக்க விசா தேவைப்படவில்லை. எஸ்தோனியக் குடிமகள் ஆகிவிட்டால் தங்கச்சியைப் பார்க்க விசாவுக்கு நிற்கவேண்டும்.

சொல்லி முடித்த இரீனா தாயின் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் வெடித்தாள். பிறகு குகதாசனிடம் சொன்னாள்: "முப்பது வருசம் தங்கச்சிக்காகப் பரீட்சை எழுதவில்லை. எழுதியிருந்தால் இப்போது என்னோடு நிற்கலாம். அதைத்தான் சொன்னேன்."

லுட்மிலா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழித்து எறியச் சொல்லு" என்றான் குகதாசன் இரீனாவிடம். "பாஸ்போட் இல்லாத ஆளை எங்கே அனுப்புவது?"

பகிடி இல்லை. எண்பத்தாறாம் ஆண்டு இலங்கையிலிருந்து தப்பி வரும்போது மொஸ்கோவில் ஏறிய விமானத்தில், ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொன்னபடி, தன் கடவுச்சீட்டைக் கழிவறையில் தாள் தாளாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டவன் அவன். படம் ஒட்டிய தாள் கிழியவில்லை, பல்லால் கடித்தானாம். ஒஸ்லோவில் வெறுங்கையோடு இறங்கினான். இன்றுவரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதுதான் சட்டப் படிப்பு: தாள் இல்லாவிட்டால் தப்பலாம்.

இரீனா அதை மொழிபெயர்க்க முன்னம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குத்து. எல்லோரும் எழும்பி ஓடினார்கள், அவசர மருத்துவரிடம் போனார்கள். அது பொய்க்குத்து, பிரசவ வலி இல்லை. கடவுச்சீட்டு பிஸ்கற் தட்டுக்குக் கீழே கிடந்தது.

3

இந்த இடத்தில் எனக்குக் குகதாசனில் நம்பிக்கை போய்விட்டது.

"எடுத்து வச்சனான், பிறகு மறந்துபோனன்" என்றான்.

"மறந்தனியோ? அப்ப அது தானா நடந்துபோய் அரிசி வாளிக்குள்ளை படுத்ததோ?"

அவன் உடுப்பைப் பிழிந்தான். இயந்திரம் பிழிந்து தந்த உடுப்பை.

அவனுக்குள் போய்ப் பார்க்கிறேன், பிழை என்றால் அவன் என்னைப் பேசட்டும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தபோது அவனுக்குத் திருட்டு எண்ணம் ஒன்றும் இல்லை. பெரிய உதவி செய்கிறோம் என்றே நினைத்தான். கிழவிக்குக் கிழிக்கத் துணிவில்லை, அவளுக்குப் பதிலாகத் தான் ஒளித்தால் என்ன? பிள்ளை பிறந்தபின் "கிடைச்சிட்டுது" என்று கொடுத்தால் போச்சு.

அடுத்த நாள் இரீனா வந்து கேட்டபோது யோகராணி, பாவம், ஒன்றும் தெரியாதவள், இங்கே இல்லை என்றாள். அவன் பேப்பரில் முகத்தை வைத்திருந்தான். வெளியே லுட்மிலா சரளைக்கல்லைக் காலால் விலக்கி விலக்கித் தேடுவது ஜன்னலால் தெரிந்தது. "பார்க்கேல்லை" என்றான் என்னிடம். பார்த்திருக்கிறான்.

4

மே முதலாம் திகதி மத்தியானம் யோகராணி அரிசி அளக்கிற சுண்டை வாளிக்குள் விட்டாள். சுண்டு எதிலோ முட்டியது.

"இஞ்சேருங்கோ! இது என்ன?"

"கத்தாதை."

"மனுசி ரெண்டு நாளாக் குப்பைத் தொட்டியெல்லாம் கிண்டுது. நீங்கள் சோறு திண்டுகொண்டு இருக்கிறியள்!"

"பிள்ளை பிறக்கட்டும். பிறகு குடுப்பம்."

"அவ நாளைக்குப் பறக்க வேணும். இரீனா பின்னேரம் பொலிசிலை சொல்லப்போறாள். பிறகு இது தெரிய வந்தா மனுசிக்கு இஞ்சையும் வரேலாது, அங்கையும் கரைச்சல்."

"என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையே."

"நீங்கள் கிழிச்சது உங்கடை பாஸ்போட். இது அவவின்ரை."

குகதாசன் கடவுச்சீட்டில் ஒட்டிய அரிசித் தவிட்டை ஊதித் துடைத்தான்.

5

முடிவுக்கு வந்தேன். மூன்று எழுதினேன்.

முதலாவதில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிடுகிறான். லுட்மிலா பறக்கிறாள். பேரப்பிள்ளையைத் தொலைபேசியில் பார்க்கிறாள். சட்டப்படி சரி. எழுதியபின் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டாவதில் கொடுக்கவில்லை. அவள் நிற்கிறாள், பிள்ளையை ஏந்துகிறாள், பிறகு பொலிஸ்

மூன்றாவதில் பிள்ளை மே முதலாம் திகதி இரவே பிறந்துவி— சீ. படத்தில் வரட்டும்.

மூன்றையும் திருப்பிப் படித்தேன். ஒன்றில்கூட லுட்மிலா வாய் திறக்கவில்லை. ஒரு நாடு போனது, ஒரு நாடு வந்தது, மகள் கோபித்தாள், குகதாசன் ஒளித்தான். இப்போது நான், கையில் தாளும் பேனையும் இருக்கிற துணிவில், அவள் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்ப்பெழுதுகிறேன். தாள் வைத்திருப்பவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

6

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று பின்னேரம் நான்கு மணிக்குக் குகதாசன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பின்னால் யோகராணி. இரீனா பொலிசுக்கு எடுக்கத் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாள். அவன் கடவுச்சீட்டை மேசையில் வைத்து, "நான் ஒளித்தேன்" என்றான்.

இரீனா கத்திய கத்தில் மேல் மாடிக் கதவு திறந்ததாம். லுட்மிலா எழும்பி வந்து அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். "நல்ல அடி, ஆலையிலை வேலை செய்த கை" என்றான் என்னிடம். பிறகு அவள் கேட்டது: "வேறு யாருக்குத் தெரியும்?"

"இந்த அறையில் நிற்கிற நாலு பேருக்கு மட்டும்."

எடுத்துக்கொண்டு நாளைக்குப் பறக்கலாம். அல்லது தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கலாம், தூதரகம் வேறு தாள் கொடுக்கும்வரை. இரீனா தாயைப் பார்த்தாள், சொல்லப்போனாள், சொல்லவில்லை.

கன்னத்தைத் தடவிக்கொண்டு குகதாசன்தான் கேட்டான்: "உனக்கு என்ன விருப்பம்?"

இரீனா அதை மொழிபெயர்த்தாள்.

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். குகதாசன் சொன்னான். என்னிடம் கேட்டு வராதீர்கள், அவளிடம் கேளுங்கள். லுட்மிலா கதிரையை இழுத்து இருந்தாள். கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை நகத்தால் தட்டிவிட்டாள். மகளைப் பார்த்து வாயைத் திறந்தாள்.