நான்காவது வளையம்

தண்ணீர் நிறைந்த பீப்பாய்க்குள் ஆயில் கூலரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்காரன் காற்றுக் குழாயைத் திறந்தான். மூன்று மூலைகள் சும்மா இருந்தன. நான்காவது மூலையிலிருந்து பொடிக் குமிழிகள் வரிசை கட்டி மேலே வந்தன.

"போச்சுடா," என்றான்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். அதற்கு அந்தப் பக்கம், முன்னறையில், அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் இதே மேஜையருகே வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. எடுத்துப்போக வேண்டிய வண்டியோ வாயைப் பிளந்துகொண்டு பட்டறை வாசலில் நின்றது.

ஊருக்கு இருக்கிற ஒரே அமரர் ஊர்தி அது. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டது என்று ஓட்டுநர் கொண்டுவந்து விட்டுப் பத்து நாளாகிறது. அதற்கு முன்னால் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துக் கை விரித்திருந்தார்கள். அண்ணன் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஆயிலையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காக்கிற இந்தக் கூலரின் ரப்பர் வளையங்கள்தான் கெட்டுப்போயிருக்கின்றன என்று கண்டுபிடித்தார். தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, எஞ்சினைக் கூட்டி, வண்டியில் ஏற்றி, கூலரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்.

காலையில் சித்தப்பா ஒரு லோடு வேனுக்குச் சொல்லிவிட்டார். அண்ணி ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள்.

"அவர் கட்டின எஞ்சின்லதான் அவர் போகணும்," என்றாள். அழுது வீங்கிய முகத்தை இவன் பக்கம் திருப்பி, "உங்களால முடியும்ல தம்பி?" என்று கேட்டாள்.

"முடியும் அண்ணி."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணனை உள்ளே வைத்துக்கொண்டு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் அப்புறம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அண்ணன் பெயரும் சேர்ந்து கெடும், அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

பட்டறையில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். வைத்தது அண்ணன்தான். அவர் ஒரு போல்ட்டை முடுக்குகிற நேரத்தில் இவன் மூன்றை முடுக்கிவிடுவான். அந்த மூன்றையும் அவர் சத்தம் போடாமல் கழற்றி மறுபடி முடுக்குவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவர்களுடைய கூட்டுத் தொழில்.

கூலரைப் பிரித்துப் பார்த்தான். நான்காவது வளையம் மடங்கி நசுங்கிக் கிழிந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் தடவியிருந்தால் வழுக்கிக்கொண்டு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் மூன்றுக்கும் தடவியிருந்தான். நான்காவதை எடுத்தபோது உள்ளே யாரோ ஓவென்று அழுதார்கள். கை அதை அப்படியே வைத்து அழுத்திவிட்டது. பாக்கெட்டில் வந்ததே நான்குதான்.

மேஜைமேல் தட்டில் பழைய வளையங்கள் கிடந்தன. அண்ணனுக்கு ஒரு பழக்கம். பழைய வளையம் கைக்கு வந்ததும் கத்தியால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டித்தான் தட்டில் போடுவார். "குப்பைக்குப் போறத எதுக்குண்ணே வெட்டறே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "நீ இருக்கியே," என்றார்.

தட்டில் மூன்று வளையங்கள் வெட்டுப்பட்டிருந்தன. நான்காவது முழுசாக இருந்தது. பக்கத்தில் கத்தி, மடக்காமல்.

இந்த இடத்தில்தான் அண்ணனுக்கு வலி வந்திருக்கிறது. நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அந்த வளையத்தை எடுத்து இழுத்துப் பார்த்தான். ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாகியிருந்தது, அவ்வளவுதான். மேலே பசை தடவிப் போட்டால் மயானம் போய்வரத் தாங்கும். நாலு கிலோமீட்டர். நாளைக்கு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

சித்தப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னும் என்னடா பண்றே? ரெண்டரை ஆச்சு. அத்தனை பேரும் கால் கடுக்க நிக்கிறாங்க."

"ஒரு வளையம் கிழிஞ்சு போச்சு சித்தப்பா."

"கையில ஒண்ணு வச்சிருக்கியே, அதப் போடேன்."

பின்னாலேயே வந்த ஓட்டுநர், "போட்டு மூடுங்கண்ணே," என்றார். "இந்தப் பட்டறை வேலைன்னா நான் கண்ண மூடிட்டு வண்டியெடுப்பேன்."

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். இவனுக்குத்தான் சுருக்கென்றது. அந்த நம்பிக்கை யார் சம்பாதித்து வைத்தது என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

கத்தியை எடுத்தான். பிடியில் அண்ணனுடைய விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வளையத்தை மேஜைமேல் வைத்து அழுத்தி ஒரே வெட்டு.

"டேய்!" என்றார் சித்தப்பா.

வெட்டிய இடத்தில் ரப்பர் உள்ளே இறுகி, வறண்டு, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைத் தட்டில் மற்ற மூன்றோடு போட்டுவிட்டு, கிழிந்த புது வளையத்தை மாதிரிக்கு ஓட்டுநர் கையில் கொடுத்தான்.

"என் பைக்க எடுத்துட்டுப் போய் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"போயிட்டு வர ஒரு மணி நேரம் ஆகுமேடா!"

"ஆகட்டும் சித்தப்பா."

தலையில் அடித்துக்கொண்டு சித்தப்பா முறையிட உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் குரல் கேட்டது. "அவர் இருந்திருந்தா மட்டும் மூணு மணிக்கு முடிச்சிருப்பாரா?" அழுதுகொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

வளையம் வந்தது. விரல்நுனியில் எண்ணெய் தொட்டு, சுற்றிலும் தடவி, பள்ளத்தில் உட்கார்த்தினான். மறுபடி பீப்பாய். இதற்கு அண்ணன் கணக்கு ஒரு டீ. ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கிறவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். இவன் டீ இல்லாமல் அத்தனை நேரமும் பார்த்தான். தண்ணீர் அசையவில்லை. எத்தனை ஆயிரம் தடவை இப்படி நின்றிருப்பார் மனுஷன், ஒருதடவைகூடச் சலித்துக்கொள்ளாமல்! அவரோடு பிறந்ததில் அவனுக்கு அப்படியொரு பெருமை வந்தது.

கூலரை எஞ்சினில் பூட்டினான். போல்ட்டுகளை முடுக்கி, கழற்றி, மறுபடி முடுக்கினான். ஆயிலும் தண்ணீரும் ஊற்றி வண்டியைக் கிளப்பியபோது மணி நாலே முக்கால். எஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டு நிதானமாக ஓட ஆரம்பித்தது.

அண்ணனை ஏற்றினார்கள். அண்ணி உள்ளே போய் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வந்து இவன் கையில் கொடுத்தாள். ஓடி நின்ற எஞ்சினுக்கு அடியில் பேப்பர் விரித்துப் பார்க்காமல் அண்ணன் எந்த வண்டியையும் அனுப்பியதில்லை.

"அங்க போய் விரிங்க," என்று சொல்லிவிட்டு அவளும் வண்டியில் ஏறினாள்.

மயானத்தில் வண்டி நின்றதும் அடியில் பேப்பரை விரித்தான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஓட்டுநர் வந்து, "கிளம்பலாமாண்ணே?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க."

இன்னும் சிறிது நேரம் நின்றான். பிறகு மண்டியிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து பேப்பரை இழுத்தான். அண்ணி பக்கத்தில் வந்து கை நீட்டினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டுக் கறை இல்லை.

பிறகு அதை நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.